செல்லாத சொற்கள்

எனக்கு முதலில் கோபம் வந்தது அந்த இமாமின் கடைவாய்ப் பல்லின்மேல்தான். ஒரு மனிதருக்குப் பல்வலி என்பதற்காக இன்னொருத்தியின் கல்யாணம் அந்தரத்தில் தொங்கினால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? ஆனால் பல்லில் தொடங்கினால் ஒன்றும் விளங்காது. ஏணியில் தொடங்குகிறேன்.

இத்தாலியில், பலெர்மோ நகரத்துப் போர்கோ வெக்கியோவில், லிஃப்ட் இல்லாத ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நான் இருக்கிறேன். எனக்குக் கீழே இரண்டாம் மாடியில் ஒரு முஸ்லிம் தம்பதி. இரண்டு பேரும் யாழ்ப்பாணத்துச் சோனகத்தெருவில் பிறந்து, போர்க்காலத்தில் சின்ன வயதிலேயே ஊரைவிட்டு விரட்டப்பட்டு, புத்தளத்து அகதி முகாமில் வளர்ந்தவர்கள். நான் யாழ்ப்பாணத்துச் சைவசமயக்காரி. அவரை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவேன், அவளைத் தங்கச்சி; அவருக்கு நானும் தங்கச்சிதான். நோன்புக் காலத்தில் அவளுடைய கஞ்சி மேலே ஏறி வரும். தைப்பொங்கலுக்கு என்னுடைய பொங்கல் கீழே இறங்கும். மற்ற நாட்களில் ஏறி இறங்குவது கதை மட்டும்தான், அதற்குக் குறைவே இல்லை.

நான் பொலித்தியாமா பக்கத்தில் ஒரு வயதான சிஞ்ஞோராவை (இங்கே பெண்களை மரியாதையாக அப்படித்தான் அழைப்பார்கள்) பகலில் பார்த்துக்கொள்கிறேன். நல்ல மனிசி, ஆனால் புத்தி கழன்றுவிட்டது. என்னைக் கள்ளி என்பார். வெள்ளிக் கரண்டியைக் களவெடுத்துவிட்டேன் என்று பல்கனியில் நின்று தெருவுக்கே கேட்கக் கத்துவார். பத்து நிமிஷத்தில் என் கையைப் பிடித்து முத்தம் கொடுப்பார். நான் வயிறெரிந்து வீட்டுக்கு வந்து, படியிலேயே உட்கார்ந்து தங்கச்சிக்குச் சொல்லி அழுவேன்.

"அதை நீங்கள் மனசிலை வைக்காதேங்கோ அக்கா," என்பாள் அவள். "நித்திரை கொள்ளுறவர் எழும்பு மட்டும், குழந்தைப்பிள்ளை வளரு மட்டும், புத்தி பிசகினவர் தெளியு மட்டும் அவை செய்யிறதை அங்கை எழுதிறேல்லை. அல்லாஹ்வே எழுதாததை நீங்கள் ஏன் எழுதிவைக்கிறியள்?"

இதை எனக்குச் சொல்லித் தந்தவளே அவள்தான். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நானாவுக்கு வேலை சியாகுல்லியில், மண்டரின் தோடம்பழத் தோட்டத்தில். அங்கே பழம் பிந்திக் காய்க்கும். குளிர் முடிகிற நேரத்தில், மற்ற இடத்தில் எல்லாம் முடிந்த பிறகு, அங்கே ஏணி போட்டு ஆய்வார்கள். அப்படி ஒரு காலை, ஈரத்தில் ஏணி வழுக்கி, மனிதர் விழுந்து தொடை எலும்பு முறிந்துபோனது. ஆஸ்பத்திரியில் வெட்டித் தகடு வைத்தார்கள். தங்கச்சிக்கு இத்தாலியன் அவ்வளவு ஓடாது. நான்தான் சிஞ்ஞோராவின் மகளிடம் லீவு கேட்டுக்கொண்டு கூடப் போனேன்.

மத்தியானம் அவரைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு வந்தார்கள். கண் நன்றாகத் திறந்திருந்தது. ஆனால் ஆள் அங்கே இல்லை. என்னைப் பார்த்து, "பொலிஸ்காரம்மா, என்ரை விசாக் கடதாசி, பெர்மெஸ்ஸோ, வீட்டை கிடக்கு, ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாறன்," என்றார். நாடி பிடிக்க வந்த நேர்சிடம் தமிழில், "மேல் கொப்பை முதல் ஆயடா தம்பி, கீழ்க் கொப்பு எங்கையும் ஓடாது," என்றார். சேலைன் தொங்கிய கம்பியைக் காட்டி, "அந்த ஆட்டைப் பிடிச்சுக் கட்டுங்கோ, தோட்டத்துக்குள்ளை பூந்திடப் போகுது," என்று கத்தினார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. தங்கச்சியும் முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ஆள் பிழைத்துவிட்டார் என்ற சந்தோஷம் இருவருக்கும்.

அப்போது அவர் தலையைத் திருப்பி அவள் முகத்தைப் பார்த்தார். அவளுடைய பெயரைச் சொன்னார். உன்னைத் தலாக் சொல்லுறன் என்றார். ஒரு தரம் அல்ல, மூன்று தரம். ஒரு சொல்லும் குழறவில்லை.

எனக்கு உடனே விளங்கவில்லை. நான் இன்னும் ஆட்டுக்குச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். வாயைப் பொத்தியிருந்த முக்காட்டை அவள் முகம் முழுக்க இழுத்துவிட்டாள். அன்னிய ஆணுக்கு முன்னால் நிற்கிற மாதிரி. கையில் இருந்த தண்ணீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

நடைபாதையில் போய்ப் பிடித்தேன். "என்னடி பிள்ளை, மயக்கத்திலை மனிசன் ஏதோ உளறுது. பொலிஸ் எண்டார், ஆடு எண்டார், அதோடை இதுவும் ஒண்டு."

"அது ஆடு இல்லையக்கா. மூண்டு தரம் சொன்னால் முடிஞ்சுது. திரும்பிப் போக வழி இல்லை."

"அட கோதாரி! புத்தி இல்லாதவர் சொல்லுறதை எழுதிறேல்லை எண்டு நீதானே எனக்குச் சொன்னனி!"

அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். "ஓம், சொன்னனான். ஆனால் புத்தி இல்லை எண்டு ஆர் சொல்லுறது? கண்ணைப் பாத்துச் சொன்னவர். பேர் சொன்னவர் அக்கா. இத்தனை வருஷத்திலை அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'இஞ்சாரும்'தான். பேர் சொல்ல ஒரு அறிவு வேணும்தானே?"

அன்று பின்னேரம் வரைக்கும் நானாவின் பக்கத்தில் நான்தான் இருந்தேன், பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்தபடி.

நானாவை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, அவள் தன் உடுப்புகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். வடக்கே படிக்கிற ஒரே மகளுக்கு மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் கையடித்துச் சத்தியம் வாங்கினாள். சமையல் என் குசினியில். நான் அதற்காகப் புதுச் சட்டி வாங்கினேன், என் சட்டியில் ஹலால் அல்லாதது என்னென்ன வெந்திருக்கும் என்று எனக்குத்தானே தெரியும். சமைத்து, மூடி, என் கையில் தருவாள். நான் தூக்கிக்கொண்டு ஒரு மாடி இறங்குவேன்.

"எங்கை அவ?" என்று நானா கேட்பார்.

"அவவுக்குத் தடிமன் நானா. உங்கடை புண்ணிலை தொத்திப்போடும் எண்டு பயந்து மேலை இருக்கிறா."

"நல்லா இருமுறாவோ? மல்லித் தண்ணி அவிச்சுக் குடிக்கச் சொல்லுங்கோ தங்கச்சி. மேல் தட்டிலை, இடப்பக்கம் மல்லி கிடக்கு."

அந்த மல்லியை நான் எடுத்துக்கொண்டு மேலே போய்க் கொடுத்தேன். அவள் அதை மணந்து பார்த்துவிட்டு, கையில் பொத்தி வைத்துக்கொண்டு, சத்தம் இல்லாமல் அழுதாள். தடிமன் இல்லாதவள் மல்லித் தண்ணி அவித்துக் குடித்தாள்.

"நீ ஒருக்கால் கீழை போய்க் கேள்," என்றேன். "நினைவோடை சொன்னியளோ, இல்லையோ எண்டு. முடிஞ்சுது பிரச்சினை."

"நினைவோடைதான் சொன்னனான் எண்டால்?"

"அப்ப இல்லை எண்டு சொல்லச் சொல்லன்!"

"அவர் பொய் சொல்ல மாட்டார். சொன்னாலும் அந்தப் பொய்யிலை நான் எப்பிடி அக்கா படுக்கிறது?"

அதனால்தான் இமாமிடம் போனோம். வுச்சீரியா மீன்சந்தைக்குப் பின்னால் ஒரு ஒடுக்கமான சந்தில் அவர்களுடைய தொழுகைக் கூடம். இமாம் ஒரு துனீசியர், என்னிலும் பத்து வயது குறைவாக இருப்பார். பகலில் ஒரு கடையில் வேலை செய்கிறவர். ஒரு கையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கன்னம் வீங்கியிருந்தது. நான் இத்தாலியனில் தொடங்கினேன், ஏணி, ஆஸ்பத்திரி, மயக்கம் என்று. தலாக் என்ற சொல் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"சிஞ்ஞோரா, மன்னிக்க வேண்டும். இன்றைக்கு என்னால் இதைக் கேட்க முடியாது. பல் என்னைத் தின்கிறது. நேற்றிலிருந்து சாப்பாடும் இல்லை. நாளை மறுநாள் பிடுங்குகிறார்கள். அதற்குப் பிறகு நானே வருகிறேன்."

"உங்கள் வாயைக் கேட்கவில்லை, காதைத்தான் கேட்கிறோம்," என்றேன். நான் அப்படித்தான், கோபம் வந்தால் மட்டு மரியாதை தெரியாது. "கேட்டுவிட்டு ஒரு சொல் சொல்லுங்கள். ஆம் அல்லது இல்லை. அதற்குப் பல் வேண்டாமே."

அவர் கோபிக்கவில்லை. "அந்த ஒரு சொல்லை இந்த வலியோடு நான் சொல்லக் கூடாது," என்று மட்டும் சொல்லிவிட்டு, தங்கச்சிக்கு சலாம் சொல்லி எழும்பிவிட்டார்.

சந்தில் இறங்கியதும் நான் கொட்டித் தீர்த்தேன். இவரும் ஒரு இமாமோ, இவருடைய பல்லும் பல்லோ, எங்களுடைய ஐயராக இருந்தால் பல்லே இல்லாமலும் ஒரு அர்ச்சனை செய்து தந்திருப்பாரே என்று. மீன் கழுவிக்கொண்டிருந்த கிழவன் நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கும் சேர்த்துத் தமிழில் கொடுத்தேன்.

தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு முதல் தடவையாக அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"திட்டாதேங்கோ அக்கா. அவர் சரியாத்தான் செய்யிறார். கோவத்திலையும் நோவிலையும் பசியிலையும் இருக்கிறவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. புத்தி முழுசா இருக்க வேணும். அது அல்லாஹ் எங்களிட்டைப் பாரம் தந்த அமானிதம். குடிக்கக் கூடாது எண்டுறதும் அதாலைதானே. ஒரு பல்லுவலிக்கே தன்ரை புத்தியை நம்பாத மனிசன், அவற்றை புத்தியைப் பற்றிச் சொன்னால் நான் நம்புவன்."

எனக்கு அப்போதும் கோபம் ஆறவில்லை. ஆனால் அன்று மத்தியானம் என் புதுச் சட்டியில் அவள் சொதி வைத்தாள், தானும் ஒழுங்காகச் சாப்பிட்டாள். அதைப் பார்த்த பிறகு பல்லை மன்னித்துவிட்டேன்.

சொன்னபடியே அவர் வந்தார். பல் போயிருந்தது, வீக்கம் பாதி வற்றியிருந்தது. என் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்து, முதலில் என்னைத்தான் கேட்டார். தங்கச்சி குசினி வாசலில் நின்றாள்.

"அவருக்குப் புத்தியை மறைத்தது என்ன? மருந்தா, குடியா?"

எனக்கு ஏறிவிட்டது. "குடியா? கேக்கில் மதுபானம் தெளித்திருக்கிறார்களா என்று கேட்டுக் கேட்டே பேஸ்திரிக் கடைக்காரனை அழவைக்கிற மனிதரையா கேட்கிறீர்கள்?"

"கேட்க வேண்டியது என் கடமை சிஞ்ஞோரா. தானாக விரும்பிக் குடித்துப் புத்தியைக் கெடுத்தவனுடைய சொல்லைப் பற்றி அறிஞர்களுக்குள் வேறுபாடு இருக்கிறது. வைத்தியர் கொடுத்த மருந்தால் புத்தி போனவனைப் பற்றி வேறுபாடு இல்லை. சரி, அந்தச் சொல்லுக்கு முன்னும் பின்னும் என்ன சொன்னார்?"

சொன்னேன். பொலிஸ்காரம்மாவைச் சொன்னேன், மேல் கொப்பைச் சொன்னேன், ஆட்டைச் சொன்னேன். ஆட்டுக்கு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் பல் பிடுங்கின இடம் நொந்து, கன்னத்தைப் பொத்திக்கொண்டார். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"பேர் சொன்னவர் எண்டு சொல்லுங்கோ அக்கா," என்றாள். தனக்கு எதிரான சாட்சியை அவளே எடுத்து வைத்தாள். அப்படிப்பட்டவள். நான் அதையும் மொழிபெயர்த்தேன்.

இமாம் யோசித்தார். "சட்டம் உயிரையும் பொருளையும் காப்பாற்றுகிற மாதிரியே மனிதரின் புத்தியையும் காப்பாற்றுகிறது. புத்தி வீட்டில் இல்லாதபோது வாசலில் போட்ட கையெழுத்தை வீட்டுக்காரன் தலையில் கட்டுவதில்லை. ஆனால் அவர் வீட்டில் இருந்தாரா என்று அவரையும் கேட்க வேண்டும்."

மூவரும் இறங்கினோம். தங்கச்சி அறைக்குள் வரவில்லை, கதவுக்கு வெளியே நின்றாள். கதவை நான் முழுதாகச் சாத்தவில்லை.

நானாவுக்கு ஒன்றும் தெரியாது. இமாம் தன்னைச் சுகம் விசாரிக்க வந்ததாக நினைத்துச் சந்தோஷப்பட்டு எழும்பப் பார்த்தார். இமாம் மெதுவாக, இத்தாலியனில், நடந்ததைச் சொன்னார். நானா என்னைப் பார்த்தார். நான் ஓம் என்று தலையை ஆட்டினேன். அவருடைய முகம் வெளிறிப்போனதை நான் கண்ணால் கண்டேன்.

"என்ரை வாயாலையோ?" என்றார் தமிழில். "அவவைப் பாத்தோ?"

"ஓம் நானா."

"அப்ப தடிமன் இல்லை?"

"இல்லை."

பெரிய மனிதர், தாடி நனைய அழுதார். இமாம் காத்திருந்தார். பிறகு கேட்டார்: என்ன ஞாபகம் இருக்கிறது? கதவிடுக்கில் அவளுடைய முக்காட்டு நுனி தெரிந்தது.

"மூக்கிலை மூடி வைச்சவை. எண்ணச் சொன்னவை. ஊனோ, தூவே எண்டு தொடங்கினது ஞாபகம். பிறகு பின்னேரம் இந்த மேல்வீட்டுத் தங்கச்சி நனைச்ச பஞ்சாலை உதட்டைத் துடைச்சது ஞாபகம். இடையிலை ஒண்டும் இல்லை. அல்லாஹ் அறிய ஒண்டும் இல்லை." கொஞ்சம் நிறுத்தினார். "விழுந்த கிழமைதான் ஒரு புது மாப்பிள்ளை பெண்சாதியோடை சண்டை பிடிச்சு, தலாக் சொல்லப்போறன் எண்டு நிண்டவர். என்னை மத்தியஸ்தத்துக்குக் கூப்பிட்டவை. அந்தச் சொல்லோடை விளையாடாதேயும் எண்டு அரை நாள் அவருக்குப் புத்தி சொன்னனான். அந்தச் சொல் தலைக்குள்ளை மேலாலை கிடந்திருக்குமோ? எனக்குத் தெரியேல்லை. வாய் என்ரைதான். ஆனால் நான் அங்கை இல்லை."

நான் இதை மொழிபெயர்த்து முடித்தேன். இமாம் நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "அந்தச் சொல் செல்லாது. உங்கள் நிக்காஹ்வில் ஒரு கீறலும் விழவில்லை. மறுபடி நிக்காஹ் செய்யவும் தேவையில்லை, ஏனென்றால் ஒன்றும் நடக்கவில்லை," என்றார். நான் அதைக் கதவுக்கு வெளியே கேட்கத் தமிழில் சொன்னேன்.

கதவு திறந்தது. அவள் முக்காட்டை முகத்திலிருந்து தள்ளிவிட்டு உள்ளே வந்தாள். என்ன சொல்லப்போகிறாள் என்று நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். கட்டிலைப் பார்த்தாள், தலையணை உறையைப் பார்த்தாள்.

"இந்த உறையை மாத்தேல்லையே இவ்வளவு நாளும்? என்ன அக்கா நீங்கள்!" என்றாள்.

என்ன நன்றி பாருங்கள்.

அதற்குப் பிறகு சிஞ்ஞோரா என்னைக் கள்ளி என்று கத்தும்போது நான் கரண்டிப் பெட்டியைக் கொண்டுவந்து திறந்து காட்டுவதை விட்டுவிட்டேன். வீட்டில் ஆள் இல்லை, யாரோடு வாதாடுவது என்று நினைத்துக்கொள்வேன். கையில் முத்தம் கொடுத்தால் மட்டும் ஏனோ வாங்கிக்கொள்வேன். அதுவும் கணக்கில் வராது என்று எனக்குத் தோன்றவே இல்லை, மறுவருஷம் வரைக்கும்.

மறுவருஷம் மண்டரின் பழுக்கிற நேரம், நானாவின் தகட்டைக் கழற்ற மறுபடி ஆஸ்பத்திரி. மனிதருக்குக் கத்தி பயமில்லை, மயக்க மருந்துதான் பயம். "நான் எழும்பேக்கை அவ பக்கத்திலை நிக்கக் கூடாது," என்று ஒரே பிடி. இவளா கேட்பாள்? "நான் நிப்பன். காதிலை பஞ்சு வைச்சுக்கொண்டு நிப்பன்," என்றாள். உண்மையாகவே கைப்பையில் பஞ்சு கொண்டுவந்திருந்தாள்.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதே மாதிரிக் கண் திறந்திருந்தது, அதே மாதிரி ஆள் இல்லை. தங்கச்சி பஞ்சை எடுத்தாள், ஆனால் காதில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. நாடி பிடித்த நேர்சின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தமிழில், ஒரு இரகசியம் சொல்கிற மாதிரிச் சொன்னார். மறுபடியும் அவளுடைய பெயரைச் சொன்னார்.

"அவவாலைதான் நான் மனிசனா இருக்கிறன். புத்தளத்து முகாமிலை தண்ணிக் குடத்தோடை பாத்த நாளிலை இருந்து இண்டைக்கு மட்டும் எனக்கு வேறை ஒரு ஆசை இல்லை. என்னை முதல் எடுக்கச் சொல்லி அல்லாஹ்விட்டைக் கேட்டிருக்கிறன், அவ இல்லாமல் இருக்க என்னாலை ஏலாது." பிறகு குரலை இன்னும் தாழ்த்தினார். "அவவிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ. தலைக்கேறிடும்."

ஒன்றும் விளங்காத நேர்ஸ், "சீ, சீ," என்று இத்தாலியனில் ஓம் போட்டுவிட்டுப் போனாள்.

தங்கச்சி பஞ்சைக் கசக்கிக்கொண்டு நின்றாள். கண்ணீர் தன் பாட்டுக்கு ஓடியது, துடைக்கவும் இல்லை. கடைசியில் என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப இதுவும் செல்லாதுதானே அக்கா?"

எப்படிச் செல்லும்? அதே மருந்து, அதே மயக்கம், அதே வாய். அதைத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்து வைத்துக்கொள்கிறவள் அவள் இல்லை. எனக்கு அந்தச் சட்டத்தின்மேலேயே திரும்பவும் கோபம் வந்தது. கண்ணுக்கு முன்னால் வந்த பொக்கிஷம், கையில் எடுக்க விடாது.

கதிரையை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் இருந்தாள். வெயில் ஜன்னலை விட்டு இறங்கும் வரைக்கும் இருந்தாள். அவர் தூங்கினார், எழும்பினார், தண்ணீர் கேட்டார், இன்று என்ன கிழமை என்று கேட்டு, சரியாகத் தானே சொன்னார். பின்னேரத்து அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டதே என்று கவலைப்பட்டார். ஆள் வந்துவிட்டார். வந்ததும் அவளுடைய சிவந்த கண்ணைக் கண்டு நடுங்கிப்போனார்.

"இஞ்சாரும், நான் திரும்பவும் ஏதும் சொல்லிப்போட்டனோ?"

"ஓம், சொன்னனீங்கள்."

"யா அல்லாஹ்! என்ன சொன்னனான்?"

"செல்லாத கதை," என்றாள் அவள். கதிரையை இன்னும் கிட்ட இழுத்தாள். "இப்ப புத்தி இருக்குத்தானே? நான் சொல்லித்தாறன், திருப்பிச் சொல்லுங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, இந்தத் தடவை கதவை முழுதாகச் சாத்தினேன்.